கூட்டத்துக்குப் பிரமிப்பு வேண்டும்

"இல்ல அங்கிள், சிரிக்கக் கூடாது. பிரமிக்கணும்."

காலையிலிருந்து இதை எத்தனை முறை சொன்னோம் என்று கௌசலாவுக்கே மறந்துவிட்டது. கிள்ளானில், பண்டமாரான் திடலில் அவளுக்கு எதிரே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். ஓசியில் நடிக்க வந்த நல்லவர்கள். கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் கல்யாண மேடையில் குடும்பப் படத்துக்கு நிற்பது போல நெருக்கி நின்று பல்லைக் காட்டினார்கள்.

முன்வரிசையில் நின்ற பெரியவர் கையைத் தூக்கினார். "பிரமிக்கிறதுன்னா எப்படிம்மா?"

"பெருசா ஏதோ ஒன்ன பாத்து, பேச்சே வராம நிக்கிறது அங்கிள்."

"எங்க பெரியவன் எஸ்பிஎம் பரிட்ச பாஸானப்ப நான் அப்படித்தான் நின்னேன்."

கூட்டம் மறுபடியும் சிரித்தது. கௌசலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் ஊடகக் கலை கடைசி வருஷம் படிக்கிறாள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு மியூசிக் வீடியோ செய்து கொடுக்க வேண்டும், அதுதான் இறுதி ப்ராஜெக்ட். கௌசலா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒவ்வொரு ஷாட்டையும் தானே படமாக வரைந்தாள், வண்ணம் தீட்டினாள், கட்டிலைச் சுற்றி நாலு சுவரிலும் ஒட்டினாள். எந்த நொடியில் யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும், பாடகன் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது.

அந்தப் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு விரிவுரையாளர் மிஸ் மார்க்கிரட் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப அழகா வரைஞ்சிருக்க. ஆனா இதுல இருக்கிற ஒரு ஆளுக்குக்கூட ஒன்னுமே ஆகலையே கௌசலா. எல்லாம் பொம்ம மாதிரி நிக்குது. ஒரு முகத்துலயாவது எனக்குப் பிரமிப்பக் காட்டு. நெஜமான பிரமிப்பு. அப்புறம் பேசலாம்."

ஆகவே கதை மாறியது. பாடகன் நடந்து வருவான், கூட்டம் விலகும், உறுமி முழங்கும், கூட்டம் முழுவதும் பிரமித்து நிற்கும். மொத்த வீடியோவும் அந்த ஒரு ஷாட்டில் தொங்கியது. அந்த ஷாட்டுக்குத்தான் இப்போது பெரியவர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கௌசலாவைப் பயமுறுத்தியது வேறு விஷயம். அவளுடைய அப்பா முத்துக்குமாரு அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் டாக்டர்கள் உண்டு, இன்ஜினியர்கள் உண்டு, ஆடிட்டர்கள் உண்டு. படம் எடுக்கிறேன் என்று கிளம்பிய முதல் ஆள் கௌசலாதான். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"கடைசி ப்ராஜெக்ட்ட நானே நேரில வந்து பாப்பன், பிள்ளை. உருப்படியா இருந்தா இதையே செய். கூத்தா இருந்தா அக்கவுண்டிங் படிக்கிறாய். பிறகு அழக்கூடாது."

அக்கவுண்டிங் கல்லூரி ஒன்றில் தெரிந்தவரிடம் சீட்டும் சொல்லி வைத்தாயிற்று. இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து சென்ட்ரல் ஸ்டேஷனில் கோமுட்டர் ரயில் ஏறி அவர் கிள்ளானுக்கு வருகிறார்.

"ஒன்னு செய்யலாம்," என்றான் வைரவன். அவன் கேமரா, தயாரிப்பு, வேன் ஓட்டுதல், சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கி வருதல் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கிள்ளானில் மூன்று கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பையன். "அவங்கவங்க வாழ்க்கைல பாத்த பிரமிப்பான விஷயத்த நெனச்சுக்கச் சொல்லு. முகம் தானா வந்துரும்."

சொன்னாள். எல்லாரும் கண்ணை மூடி நினைத்தார்கள். ஓர் அக்கா ஆஸ்திரேலியா போய்விட்ட மகனை நினைத்து விசும்பி அழ ஆரம்பித்தார். அவரைச் சமாதானப்படுத்தப் போன இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பின்வரிசையில் ஒரு அண்ணன் நாக்கைச் சப்புக் கொட்டினார். கேட்டால் பகாங்கில் சாப்பிட்ட டுரியான் பழத்தை நினைத்தாராம்.

"இது சரிப்படாது. அவங்க முன்னாடி பிரமிப்பா ஏதாச்சும் நடக்கணும். முகுந்தா, நீ ஏதாச்சும் செய்யேன்."

முகுந்தன்தான் பாடகன். பாட்டும் அவனுடையது. இணையத்தில் ஓரளவு பெயர் எடுத்தவன் என்பதால் அந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்ற மறுத்தான். கருப்புக் கண்ணாடியை அவன் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"நான் அந்த டிரம்மு மேலேர்ந்து ஒரு ஜம்ப் பண்றேன். பாருங்க."

எண்ணெய் டிரம்மின் மேல் ஏறினான். குதித்தான். இறங்கியபோது ஜாக்கெட் தாங்கியது, கால்சட்டை தாங்கவில்லை. பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ் வரை விட்டுப்போய், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. பிரமிப்பு இருந்த இடமே தெரியவில்லை. இனி முகுந்தனை முன்பக்கமிருந்து மட்டும்தான் எடுக்க முடியும்.

"ஸ்பீக்கர்ல பாட்டு போட்டா இப்படித்தான் இருக்கும்," என்றான் வைரவன். "நெஜ உறுமிய கொண்டாந்துருவோம். சபாபதி அண்ணே குழு இந்த ரோட்டு முனையிலதான் ப்ராக்டிஸ் பண்ணுது. கேட்டா வந்துருவாங்க."

கேட்டான், வந்தார்கள். உறுமியும் தப்பும் தோளில் தொங்க ஒரு டஜன் பேர் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து அந்த ரோடே வந்தது. உறுமி போகிற இடத்துக்கு ஆள் போகாமல் இருப்பது பண்டமாரானில் வழக்கமில்லை. கூட்டம் இரண்டு மடங்காகி, ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் ஒரு கைப்பேசி எழும்பியது. இப்போது சிரிப்பும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

"போன கீழ வைங்க! ப்ளீஸ் அக்கா, போன கீழ வைங்க!"

"எங்க நாத்தனாருக்கு லைவ் போவுதும்மா. அவ சுங்கை வேயில உக்காந்து பாக்குறா."

கௌசலாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வைரவன் அதைப் பார்த்துவிட்டான். "நீ மானிட்டர்கிட்டப் போய் உக்காரு லா. நான் கூட்டத்துக்குள்ள போயி ஒவ்வொருத்தர்கிட்டயா பேசிட்டு வரேன்." அவன் உள்ளே புகுந்தான். கைப்பேசிகளை இறக்க வைத்தான், சிலரைப் பின்னால் தள்ளினான், சிலரிடம் காதோடு ஏதோ சொன்னான், கடைசியில் ஒரு பெண்மணியை முன்வரிசைக்கு அழைத்து வந்து நிறுத்தினான்.

மஞ்சள் சேலை, கையில் பாசாரிலிருந்து வந்த காய்கறிப் பை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறவர், பெயர் சீதாலெட்சுமி என்று வைரவன் சொன்னான். மற்றவர்களைப் போல அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பையைக் காலடியில் வைத்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு அமைதியாக நின்றார். அப்பாடா, சிரிக்காத ஒரு முகமாவது கிடைத்ததே என்று கௌசலா மூச்சு விட்டாள்.

"எல்லாரும் ரெடியா? சபாபதி அண்ணே, ரெடியா? ஆக்‌ஷன்!"

உறுமி முழங்கியது.

இந்த இடத்தில் உறுமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்ற மேளங்களை அடிப்பார்கள். உறுமியை அடிப்பதோடு நிற்பதில்லை. வளைந்த குச்சியால் தோலின் மேல் தேய்ப்பார்கள். அது முனகும். அந்த முனகல் காதுக்குள் போகாமல் நேராக அடிவயிற்றுக்குப் போகும். கௌசலா பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவள். உறுமியை இவ்வளவு கிட்டத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது. வாயைத் திறந்தது அவளுக்கே தெரியவில்லை.

சீதாலெட்சுமியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மெல்ல, மிக மெல்ல, தோள் அசைந்தது. கொண்டை அவிழ்ந்து முடி இடுப்பு வரை விழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கண் திறந்தே இருந்தது, ஆனால் அந்தக் கண் அங்கே இருந்த எதையும் பார்க்கவில்லை. பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரி ஒன்று அந்நேரம் பக்கத்து ரோட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஹார்ன் எடுபடவில்லை.

"தாயே!" என்று யாரோ அலறினார்கள்.

கூட்டம் ஒரே அடியாகப் பின்வாங்கியது. செருப்புகள் கழன்றன, கைகள் குவிந்தன. எஸ்பிஎம் பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சுங்கை வேய்க்கு லைவ் போட்ட அக்கா கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து கௌசலா கெஞ்சிக் கேட்ட பிரமிப்பு ஒவ்வொரு முகத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது. அதை அனுபவிக்கத்தான் அவளால் முடியவில்லை, ஏனென்றால் அவளும் அதே பிரமிப்பில்தான் நின்றாள்.

'கட்' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. அம்மனைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

ஓடிப்போய் சபாபதியின் காதருகே குனிந்தாள். "அண்ணே, மேளத்த நிறுத்துங்க!"

"நிறுத்தவா?" சபாபதி அவளை முறைத்தார், கை மட்டும் நிற்கவில்லை. "சாமி ஆடுறப்ப பாதியில நிறுத்துனா யாரும்மா பொறுப்பு? அவங்க நிக்கிற வரைக்கும் நாங்க அடிச்சே ஆகணும்."

உறுமி நிற்கவில்லை. ஆகவே அம்மனும் நிற்கவில்லை. வைரவனைத் தேடினாள். அவன் கேமராவை முக்காலியில் ஓடவிட்டபடியே புல்லில் குப்புறக் கிடந்தான்.

"வைரவா! கேமராவ ஆஃப் பண்ணு!"

"நான் தொட மாட்டேன் லா," என்றான் புல்லுக்குள்ளிருந்து. "சாமிய ஆஃப் பண்ணேன்னு ஆயிரும்."

சபாபதி மேளத்தைத் தம்பியிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். யாரோ வீட்டுக்கு ஓடித் தட்டும் சூடமும் எலுமிச்சம்பழமும் கொண்டு வந்துவிட்டார்கள். சூடத்தை ஏற்றிக் காட்டினார். "யாரு வந்திருக்கீங்கன்னு சொல்லணும் தாயே. பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

சீதாலெட்சுமி சூடத்தைக் கண்டுகொள்ளவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, அந்த மொத்தக் கூட்டத்திலும் கௌசலாவை மட்டும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னத்தான் பாக்குறாங்க," என்று சபாபதி முணுமுணுத்தார். "முன்னால வாம்மா."

கௌசலா முன்னால் போனாள். அவளைவிட ஒரு சாண் குட்டையான பெண்மணி. ஆனால் அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கு ப்ராஜெக்ட் மறந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஒன்று தன் முன்னால் நிற்கிறது, தான் இவ்வளவு சின்னவள் என்கிற எண்ணம் மட்டும் இருந்தது. அது பயமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

"எதுக்கு என்னை இங்க கூப்ட்ட?" என்றார் சீதாலெட்சுமி. கேன்டீனில் கேட்கிற குரலே இல்லை அது.

"ப்ராஜெக்ட்டுக்கு... தாயே."

"இன்னும் எவ்ளோ நேரம் என்னை ஆட வைக்கப் போற?"

"உங்க... உங்க இஷ்டம் தாயே."

சீதாலெட்சுமி ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு, முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஆட ஆரம்பித்தார். நீட்டிய எலுமிச்சம்பழத்தை வாங்கி நறுக்கென்று கடித்து மென்றார், முகம் ஒரு கோடுகூடச் சுளிக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகக்காரர்களும் விழுந்து கும்பிட்டார்கள்.

முகுந்தன் வந்தான். கருப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கண்ணாடி இல்லாமல் அவனுக்குப் பள்ளிக்கூடப் பையன் முகம்.

"தாயே, மன்னிச்சிருங்க. பாட்டுல ரெண்டாவது சரணம் நான் எழுதல. கம்ப்யூட்டர்தான் எழுதிக் குடுத்துச்சு."

"என்னது?" என்றாள் கௌசலா.

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மன். "மாத்தி எழுது."

"இன்னைக்கே எழுதுறேன் தாயே." தரையில் விழுந்து எழுந்து, பின்பக்கத்தைக் கையால் மறைத்தபடி போனான்.

இந்த நேரத்தில்தான் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பையில் இரண்டு பேனா, கையில் நீளக் குடை. முத்துக்குமாரு இறங்கினார்.

கௌசலாவுக்கு உலகமே இருண்டது. அப்பா என்ன பார்க்கிறார் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்தாள்: தலைவிரி கோலமாக ஒரு பெண், குப்புறக் கிடக்கும் கேமராக்காரன், கிழிந்த கால்சட்டையோடு கதாநாயகன், சூடப் புகை, நடுவில் பிரமை பிடித்த மாதிரி தன் மகள். கூத்து என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படத்தை அவளால்கூட வரைந்திருக்க முடியாது. மூன்று வருஷம் போயிற்று. இனிமேல் வரவும் செலவும் கூட்டிக் கழித்துத்தான் காலம் தள்ள வேண்டும். அடக்கி வைத்திருந்த அழுகை பொலபொலவென்று வந்துவிட்டது.

"கௌசலா! என்ன பிள்ளை இது?" அவர் குடையை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். "இதுக்கா மூண்டு வருஷம் படிச்சனி? நான் அப்பவே சொன்னனான். நிப்பாட்டுங்கோ! எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ!"

யாரும் நிறுத்தவில்லை. மேளக்காரர்கள் பயந்துபோய் இன்னும் பலமாக அடித்தார்கள்.

சீதாலெட்சுமி திரும்பினார். முத்துக்குமாருவைப் பார்த்தார். அழுதுகொண்டு நின்ற கௌசலாவைப் பார்த்தார். மறுபடியும் முத்துக்குமாருவைப் பார்த்தார்.

"யாருடா நீ?"

முப்பது வருஷ அரசாங்க உத்தியோகத்தில் அவரை யாரும் 'டா' போட்டதில்லை. அவர் நின்றார். அவர் நம்பாதவர் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், ஆனால் அங்கே சாமி கல்லாகி ஒழுங்காக ஓரிடத்தில் நிற்கும். இப்படி நேரில் வந்து கேள்வி கேட்டது கிடையாது. தனக்கு மேலான அதிகாரத்தின் முன்னால் எப்படிப் பேசிப் பழகியவரோ, அப்படியே பேசினார்.

"முத்துக்குமாரு, மேடம்."

"தாயேன்னு சொல்லுங்க சார்," என்று சபாபதி கிசுகிசுத்தார்.

"முத்துக்குமாரு, தாயே."

"பொண்ணு கண்ணுல தண்ணி. தெரியுதா?"

"தெரியுது தாயே."

"அவளுக்கு என்னா வேணுமாம்?"

"படம் எடுக்க வேணுமாம் தாயே."

"குடு."

"அக்கவுண்டிங்கில சீட் சொல்லி வச்சிட்டன் தாயே, அவையள் என்ன நினைப்பினம்..."

சீதாலெட்சுமி வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதித்தார். உறுமி உச்சத்துக்குப் போனது. அதே நேரம் துறைமுகத்துப் பக்கம் வானம் இடித்தது. கிள்ளானில் அந்த நேரத்துக்குத் தினமும் இடிக்கும்தான். ஆனால் அன்றைக்கு இடித்த இடம் அப்படி.

"குடுன்னேன்!"

"குடுத்திட்டன்! குடுத்திட்டன் தாயே!"

குடை ஒரு பக்கம் பறந்தது. பளபளக்கும் சப்பாத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போனது. முத்துக்குமாரு அந்த இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு புல்லில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து தோப்புக்கரணம் போட்டார். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் நாடகத்தில நடிக்க விருப்பம் இருந்தது தாயே! ஐயா விடேல்லை! விடவே இல்லைத் தாயே!"

சொல்லிவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

கௌசலா அப்பாவை இப்படிப் பார்த்ததே இல்லை. பாட்டி செத்தபோதுகூட அவர் கைக்குட்டையை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். இந்த மனிதருக்குள் இவ்வளவு காலம் ஒரு நாடகம் பூட்டிக் கிடந்திருக்கிறது, ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியவில்லை. அவள் போய் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சீதாலெட்சுமி இரண்டு கையையும் நீட்டி, அப்பா தலையில் ஒன்றும் மகள் தலையில் ஒன்றும் வைத்தார். கூட்டத்தில் அழாதவர் ஒருவர்கூட இல்லை. சபாபதி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. மேளத் தோல் நனையக் கூடாது என்று குழுவினர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திடல் ஓரத்தில் இருந்த பந்தலுக்கு ஓடினார்கள். மேளம் நின்றதும் சீதாலெட்சுமி நிதானமாக நின்றார், கண்ணை மூடித் திறந்தார், முடியை அள்ளிக் கொண்டை போட்டார். அவரைப் பந்தலில் தனி நாற்காலியில் உட்கார வைத்து, இளநீர் கொடுத்து, யாரும் கிட்டப் போகாமல் மரியாதையான தூரத்தில் நின்றுகொண்டார்கள்.

வைரவன் நனைந்த கோழி மாதிரி கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். "ஓடிட்டேதான் இருந்துச்சு லா. எல்லாம் இருக்கு. முழுசா இருக்கு."

மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார்கள்.

கௌசலா வரைந்த எந்தப் படமும் அதில் இல்லை. வெளிச்சம் அவள் சொன்ன பக்கமிருந்து விழவில்லை, பாடகன் எந்தக் காலையும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் எஸ்பிஎம் பெரியவரின் முகம் இருந்தது. வாய் பிளந்து, கண்ணில் தண்ணீர் தேங்கி, ஒரு குழந்தையைப் போல. டுரியான் அண்ணனின் முகம் இருந்தது, மகனை நினைத்து அழுத அக்காவின் முகம் இருந்தது, நடுங்கிக்கொண்டு முன்னால் நடந்து போகும் கௌசலாவின் முகமும் இருந்தது. இத்தனை அழகான முகங்களா காலையில் தனக்கு எதிரே நின்று பல்லைக் காட்டின என்று கௌசலாவுக்கு நம்பவே முடியவில்லை. மிஸ் மார்க்கிரட் ஒரு முகம்தான் கேட்டார். இங்கே ஒரு ஊரே இருந்தது.

புல் ஒட்டிய சட்டையோடு முத்துக்குமாரு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் புல்லைத் தட்டிவிட்டார்.

"நல்லா இருக்கு, பிள்ளை."

"அக்கவுண்டிங் அப்பா?"

"அந்தக் கதைய விடு. தாய்க்கு வாக்குக் குடுத்திட்டன்." சீதாலெட்சுமி இருந்த பக்கம் பயபக்தியோடு ஒரு கும்பிடு போட்டார். "இனி நீ படம்தான் எடுக்கிறாய். நான் மாறினா என்னைக் கேள். போ, போய் அந்த அம்மாட காலில விழுந்து ஆசீர்வாதம் வாங்கு."

கௌசலா ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்து வைத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தத் தனி நாற்காலியை நோக்கி நடந்தாள். மொத்தப் பந்தலும் தூரத்திலிருந்து கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைக் காலடியில் வைத்தாள். நன்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சேற்றிலேயே விழுந்து சீதாலெட்சுமியின் பாதத்தைத் தொட்டாள்.

சீதாலெட்சுமி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார், இளநீரைக் கீழே வைத்தார், குனிந்து அவள் காதருகே வந்தார்.

"அந்தக் கேமரா தம்பி நீ கட் சொல்ற வரைக்கும் நடிக்கணும்னுச்சு, நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துப் பாத்து எனக்கு இடுப்பே போச்சும்மா, ஆனா எல்லாரும் என்னமா நடிச்சாங்க, அந்த அப்பா வேஷம் போட்டாரே, அவரு மட்டும்தான் கொஞ்சம் ஓவர் ஆக்டிங் லா!"